பவுனின் ஒன்பதாவது அடையாளம்

பேய், பிசாசு, சகுனம், செய்வினை எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப் போவதைக் கேட்டதும் நீங்கள் என்னை எந்த ஆட்களோடு சேர்த்து வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால் மற்றவர்கள் திருநீறு போட ஆள் தேடுவார்கள், நான் ரத்தம் எடுக்கிற லேபுக்குக் கூட்டிப் போவேன். அம்மா வாசலில் கட்டுகிற எலுமிச்சம்பழத்தை, வீட்டில் ஊறுகாய் தீர்ந்துபோன ஒரு நாளில் அவிழ்த்து நறுக்கியவள் நான். அதற்கு வாங்கிய திட்டு தனிக்கதை.

என் பெயர் பேச்சியம்மாள். மேலகரத்தில் வீடு. அப்பா வழியிலும் சரி அம்மா வழியிலும் சரி, பள்ளிக்கூடத்துக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். வீட்டுக்கு ஒரே பிள்ளை. பி.காம். முடித்துவிட்டுத் தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல் என்று எந்த விண்ணப்பமாக இருந்தாலும், "அந்த எழுத்து அழகா இருக்குமே, அந்தப் பிள்ளட்ட குடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. பெருமையாகத்தான் சொல்கிறேன். என்னைப் பொறுத்தவரை, எழுதியது தாளில் இருக்கும், எழுதாதது இருக்காது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்றுதான் போன வருஷம் ஆனி மாதம் வரை இருந்தேன்.

அப்பா சுப்பையா குதிரைக்காரர். எங்களிடம் இருப்பது ஒரே குதிரை, பெயர் பவுனு. செவலைப் பெண்குதிரை. வெயிலில் நின்றால் தேய்த்த செம்புக்குடம் மாதிரி இருக்கும். சீசனில் குற்றாலத்தில் சாரலுக்கு வருகிற குடும்பங்களின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ரோட்டில் நடக்கும். மற்ற நாட்களில் கல்யாண ஊர்வலம், காதுகுத்து, கோயில் கொடைத் திருவிழா. என்னுடைய பள்ளிச் செலவும் கல்லூரிச் செலவும் அதன் முதுகில்தான் வந்தது. அதனால் வீட்டில் யாராவது அதைக் "குதிரை" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். பவுனு என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பாவுடன் தொழில் செய்கிற ஒருவரின் குதிரை போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வெளியூர்ப் பயணத்தில் தொலைந்துபோனது. எப்படி இருக்கும் என்று கேட்டவர்களிடம் அவர், "செவல, நல்ல குதிர, சொன்னாக் கேக்கும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதை வைத்து யார் எதைத் தேடுவது? கடைசி வரை கிடைக்கவில்லை. அதைக் கேட்ட அன்றுதான் எனக்குத் தோன்றியது, பவுனுக்கு ஒரு தாள் எழுதி வைக்க வேண்டும் என்று.

பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் என்று இரண்டு வரி இருக்கும், உங்களுக்கும் இருக்கும். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது டீச்சர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மச்சம் தேடியது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. வலது முழங்கையில் ஒன்று கிடைத்தது. இரண்டாவது கிடைக்கவில்லை. அப்பாதான் குனிந்து, என் காதுக்குப் பின்னால் முடியை விலக்கி, "இங்கன ஒண்ணு இருக்கு டீச்சர்" என்று காட்டினார். குதிரையைப் பார்க்கிற கண் அது. எனக்கே தெரியாத மச்சம் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பவுனைக் குளிப்பாட்டித் துடைத்து, முன்பக்கம், பின்பக்கம், இரண்டு விலா என்று நான்கு பக்கமும் போட்டோ எடுத்தேன். பிறகு அப்பா ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் முழு வெள்ளைத்தாளில் எழுதினேன்.

"ஏறுத பக்கத்துப் பின்னங்கால்ல வெள்ள, கணு வரைக்கும்."

"ஏறுத பக்கம்னா?"

"நாம எந்தப் பக்கம் நின்னு ஏறுதோம்? அந்தப் பக்கம்."

"அதுக்கு இடதுன்னு பேருப்பா."

"யாருக்கு இடது? நீ எதுத்தாப்ல நின்னா ஒனக்கு வலது. குதிரக்காரனுக்கு ஏறுத பக்கம், ஏறாத பக்கம், அவ்வளவுதான். எங்க நின்னாலும் மாறாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் அரசாங்கத்துக்குப் போகிற தாளில் ஏறுகிற பக்கம் என்று எழுதினால் சிரிப்பார்கள் என்று, குதிரையின் இடது, குதிரையின் வலது என்றே எழுதினேன். நெற்றி வெள்ளைப் பட்டை மூக்குக்கு மேலே ஒரு பக்கமாகச் சாய்ந்து முடிவது, கண்களுக்கு நடுவே ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டைச் சுழி, வெள்ளைக்காலின் குளம்பு மட்டும் வெளிறியிருப்பது, வலது காது நுனியில் பிறை மாதிரி ஒரு வெட்டு, பின் தொடையில் முள்கம்பி கிழித்த தழும்பு. இப்படி எட்டு அடையாளங்கள். ஒன்பது இருக்கிறதா என்று கேட்டேன். "எட்டோட போதும்ட்டி, வெயில் ஏறுது" என்று அப்பா பவுனை நிழலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கீழே கொஞ்சம் இடம் விட்டுக் கையெழுத்துப் போட்டேன். அப்பாவின் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றிப் பக்கத்தில் வைத்தேன். தாளை ஃபைலில் போட்டேன். எட்டு. நானே எழுதி நானே எண்ணியது.

இரண்டு மாதம் கழித்து ஆனியில், சாரல் இறங்கின முதல் வாரம், ஆலங்குளம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அப்பாவும் டெம்போக்கார கணேசன் அண்ணாச்சியும் பவுனை ஏற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். காலை பத்து மணி. பாவூர்சத்திரம் மார்க்கெட் முன்னால் லாரிகள் நெருக்கிக்கொண்டு நிற்க, டெம்போ நகர முடியவில்லை. பக்கத்தில் ஏதோ ஒரு கடை திறப்பு, சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். பவுனு பின்பலகையை ஒரே உதையில் பெயர்த்துக் குதித்து, முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே ஓடி, வயல் பக்கம் இறங்கிவிட்டது.

சென்டரில் இருந்த எனக்கு அப்பா போன் செய்தார். "பவுனக் காணோம்ட்டி" என்றார், அவ்வளவுதான். அப்பா அழுது நான் கேட்டதில்லை. அன்றைக்கும் அழவில்லை, மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் பதறவில்லை. சொன்னால் நம்புவீர்களோ இல்லையோ, உள்ளுக்குள் எனக்கு ஒரு திமிரே இருந்தது. என்னிடம் தாள் இருக்கிறதே. ஃபைலிலிருந்து எடுத்து எங்கள் சென்டர் மெஷினிலேயே ஒரு நகல் எடுத்து, சூடாக வந்ததை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தொலைந்த இடத்துக் காவல் நிலையத்தில் ஏட்டையா ஒருவர் இருந்தார், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் என்கிற வயது. மனுவையும் நகலையும் அவர் கையிலேயே கொடுத்தேன். அப்படியே மனுவோடு சேர்த்துக் குத்தி ஃபைலில் போட்டார்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வெளியே வந்ததும், அசல் தாளைப் போட்டோ எடுத்து, எனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டேன். காய்கறி வியாபாரிகள் குழு, டெம்போ ஓட்டுநர்கள் குழு, என் கல்லூரித் தோழிகள் குழு, எதையும் விடவில்லை. எட்டு அடையாளங்களும் தெளிவாக, என் அழகான எழுத்தில். "கையெழுத்து சூப்பர் அக்கா" என்று நாலு பேர் பதில் போட்டார்கள். அந்த நேரத்திலும் அதைப் படித்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவர் அழைத்தார். ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் செவலைக் குதிரை ஒன்று நிற்கிறது, வெளியூர் ஏற்றிப் போக வண்டி சொல்லியிருக்கிறார்களாம் என்றார். அப்பாவும் நானும் ஓடினோம். பவுனேதான். அப்பாவைப் பார்த்ததும் கனைத்தது. நான் கழுத்துக் கயிற்றில் கட்டியிருந்த, போன் நம்பர் எழுதிய அட்டை இல்லை. கயிறே புதுசு. தோப்பில் இருந்த மாட்டுத் தரகர் கொஞ்சமும் அசரவில்லை. "இது என் குதிர. போன வருசம் சந்தையில வாங்கினது. தள்ளி நில்லு பாப்பா, ஒதச்சிறும்" என்றார்.

எங்கள் குதிரையின் முன்னால் நின்று என்னைத் தள்ளி நிற்கச் சொல்கிறார்.

காவல் நிலையத்துக்குப் போனது விஷயம். பதினொரு மணி இருக்கும், லேசாகச் சாரல் தூறிக்கொண்டிருந்தது. வாசல் வேப்பமரத்தில் பவுனைக் கட்டியிருந்தார்கள். தரகர், அப்பா, நான். ஏட்டையா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாங்கினதற்கு ரசீது இருக்கிறதா என்றார். அவரிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை. குதிரை வியாபாரமெல்லாம் வாய்ப்பேச்சுதான்.

"என்னப் பாத்துக் கனைக்கு ஐயா" என்றார் அப்பா.

"கனைக்கறத எல்லாம் எழுத்துல கொண்டுவர முடியாது சுப்பையா. எனக்கே தீனி குடுத்தா நானும் கனைப்பேன்" என்றார் ஏட்டையா. "ஒம்மவ ஒரு தாள் குடுத்திருக்காள்லா. அத வச்சிப் பாப்போம்."

எனக்கு உடம்பு நிமிர்ந்துகொண்டது. இதற்காகத்தானே எழுதினேன்? ஏட்டையா ஃபைலைத் திறந்து மடியில் வைத்தார். "ரெண்டு பேரும் குதிரையப் பாக்காம அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க. யாரு குதிரையோ அவங்களுக்குத் தெரியும். மொதல்ல நீரு சொல்லும்" என்று தரகரைக் காட்டினார்.

தரகர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். நெற்றி வெள்ளைப் பட்டை, ஒரு பக்கமாகச் சாய்ந்து முடியும். கண்களுக்கு நடுவே இரட்டைச் சுழி. குதிரையின் இடது பின்னங்காலில் கணுக்கால் வரை வெள்ளை. குதிரையின் இடது! எந்தக் குதிரைக்காரனும் சொல்லாத வார்த்தை, என்னுடைய வார்த்தை. ஒரு சொல் மாறாமல் எட்டையும் ஒப்பித்தார். ஊர் முழுக்க நானே அனுப்பி வைத்த பாடம் அது. அதைப் படித்து மனப்பாடம் செய்ய அவருக்கு இரண்டு நாள் இருந்திருக்கிறது.

"இந்தப் பிள்ள எங்குதிரையப் பாத்துத்தான் எழுதியிருக்கும் ஐயா. தோப்புப் பக்கம் வந்து போட்டோ எடுத்துச்சின்னு எங்க ஆளுகளே சொல்லுதாங்க. படிச்ச புள்ளைகளுக்குச் சொல்லியா குடுக்கணும்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முன்பு நான் எடுத்த நான்கு போட்டோவும் போன மாதம் பழுதான பழைய போனோடு போயிருந்தன, காட்ட ஒன்றும் இல்லை. பி.காம். முடித்தவள், ஊருக்கே விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவள், களவாணி கையில் சாவியைக் கொடுத்து வாசலையும் திறந்து விட்டிருக்கிறேன். இங்கே முடிவு வராவிட்டால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். கோர்ட்டு முடிவு சொல்வதற்குள் பவுனு எந்த ஊரில் யார் வண்டியை இழுத்துக்கொண்டிருக்குமோ. அப்பா என்னைப் பார்த்தார். குறை சொல்லும் பார்வை இல்லை, நீ ஏதாவது வைத்திருப்பாய் என்கிற பார்வை. அதுதான் தாங்க முடியவில்லை. என்னிடம் எதுவும் இல்லை.

அப்போது ஏட்டையா சொன்னார், "எட்டும் சரியாச் சொல்லிட்டீரு. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே."

தரகர் விழித்தார். நான் அதைவிட அதிகமாக விழித்தேன்.

"ஒம்பதுன்னு ஒண்ணு எழுதியிருக்கு. அதச் சொல்லும்." ஏட்டையா உள்ளங்கையால் தாளின் கீழ்ப்பகுதியை மூடிக்கொண்டார்.

தரகர் கை சட்டைப்பைக்குள் போனது. "போன எடுக்கப்புடாது" என்றார் ஏட்டையா. தரகர் ரோட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், "வாலுக்கு அடியில ஒரு சுழி" என்றார். ஏட்டையா தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. என் பக்கம் திரும்பினார். "எழுதின நீ சொல்லும்மா."

நான் எட்டுதான் எழுதினேன் என்று சொல்ல வேண்டும், அதுதான் உண்மை. சொன்னால் தாளே பொய்யாகிவிடும். சொல்லாமல் இருந்தாலும் பவுனு போய்விடும். ஏட்டையா தவறாக எண்ணிவிட்டாரோ, அடுத்த மனுவிலிருந்து ஏதாவது வரியைப் பார்த்துச் சொல்கிறாரோ என்று மனசு ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் அப்பா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அத நான் சொல்லுதேன் ஐயா. காதோட சொல்லட்டுமா?"

"இது என்ன மந்திரமா? சத்தமாச் சொல்லும்."

அப்பா தரகரை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார், "ஏறுத பக்கத்து முன்னங்கால் இடுக்குல, சேணத்து வார் விழுத எடத்துக்குப் பின்னால, எதிர்ச்சுழி ஒண்ணு உண்டு. நகக்கண் அளவு."

ஏட்டையா உள்ளங்கையை எடுத்துத் தாளைப் பார்த்தார். பிறகு மெதுவாக வாசித்தார். "ஒன்பது. ஏறும் பக்கத்து முன்னங்கால் இடுக்கில், வார் விழும் இடத்துக்குப் பின்னால், நகக்கண் அளவில் ஓர் எதிர்ச்சுழி."

கவனித்தீர்களா? இடது இல்லை. ஏறும் பக்கம்.

அப்பா போய் பவுனின் காலுக்குள் கையை விட்டு முடியை விலக்கினார். ஏட்டையா தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து போன் வெளிச்சத்தில் பார்த்தார். நானும் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தேன், சத்தியமாக. சேண வாரை அப்பாதான் எப்போதும் கட்டுவார், அவிழ்ப்பார், அந்த இடத்தில் எங்களை யாரையும் கை வைக்க விட்டதில்லை. உதைக்கும் என்பார். அங்கே முடி சின்னதாக எதிர்த்திசையில் சுருண்டிருந்தது.

தரகர் அதற்குள் குரலை மாற்றிவிட்டார். "அய்ய, இந்தச் சுழிக் குதிரையவா வீட்டுல கட்டி வச்சிருக்கீரு? சும்மா குடுத்தாலும் எனக்கு வேண்டாமய்யா. ஆள விடுங்க" என்று ஏதோ எங்களுக்குத் தானம் செய்வது போலச் செருப்பை மாட்டினார். "ஒம்மள எங்க விட? உள்ள வாரும், எழுத வேண்டியது நெறய இருக்கு" என்றார் ஏட்டையா.

பிறகுதான் எனக்குப் புரிந்தது அப்பா ஏன் காதோடு சொல்லட்டுமா என்று கேட்டார் என்று. அந்த இடத்தில் எதிர்ச்சுழி இருக்கிற குதிரை ஒரு வீட்டில் நிலைக்காது என்று குதிரைக்காரர்கள் நம்புகிறார்கள். தெரிந்தால் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், விற்கவும் முடியாது. வாங்கிவந்த பிறகுதான் அப்பா அதைப் பார்த்திருக்கிறார். பார்த்த நாளிலிருந்து யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட. எட்டோடு போதும் என்று அவர் சொன்னது வெயிலால் இல்லை.

டெம்போ வேண்டாம் என்றுவிட்டார். பவுனைக் கையில் பிடித்துக்கொண்டு மேலகரம் வரை நடந்தே வந்தோம். சாரல் பவுனின் பிடரியில் பொடிப்பொடியாக நின்றது. பாதி வழியில் அப்பா துண்டால் அதைத் துடைத்துவிட்டார். பிறகு, "எப்பட்டி பாத்தே?" என்றார்.

"எதப்பா?"

"சுழிய. நான் ஒளிச்சி வச்சிருந்தத. எப்பப் பாத்தே? பாத்துட்டு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. ஆனா தாள்ல எழுதிப்புட்ட."

"நான் எழுதலப்பா. எனக்குத் தெரியவே தெரியாது."

அப்பா சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் பார்த்ததில்லை. "ஆமாட்டி, நான் எழுதினேன்" என்றார். அன்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், டீக்கடையில், பெட்டிக்கடையில், எதிரே வந்த சைக்கிள்காரரிடம்கூட, "எம்மவ எழுதின தாளு கொண்டாந்திச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சுழியைப் பற்றியும் அவரே சொன்னார். ஊர் நினைப்பது பற்றி அவருக்கு அன்றோடு பயம் விட்டுப்போய்விட்டது. யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடாமலும் போகவில்லை. போலீஸ் கண்டுபிடித்துக் கொடுத்த குதிரை என்று சீசனில் வந்த பிள்ளைகள் பவுனு மேல்தான் ஏறுவோம் என்று அடம்பிடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் நேராகப் போய் ஃபைலைத் திறந்தேன். அசல் தாளில் எட்டு. எட்டுக்குக் கீழே வெற்றிடம், அதற்குக் கீழே என் கையெழுத்து, அப்பாவின் ரேகை. விடிய விடியப் பார்த்தாலும் எட்டுதான்.

காவல் நிலையத்து நகல் என் கைக்கு வர ஒரு மாதம் ஆனது. தரகர் குற்றத்தை ஒத்துக்கொண்டு எழுதிக்கொடுத்து, விஷயம் முடிந்த பிறகு ஏட்டையாவிடம் கேட்டு வாங்கினேன். பஸ்ஸிலேயே பிரித்தேன். ஒன்று முதல் எட்டு வரை மெஷின் அடித்த கறுப்பு. ஒன்பதாவது வரி மட்டும் நீலம். பேனாவில் எழுதியது. எழுத்து என்னுடையது. என்னுடையது போல என்று சொல்லவில்லை, என்னுடையது. நான் 'ழ' எழுதினால் கடைசி வளைவைக் கீழே இழுத்து உள்ளே ஒரு கொக்கி போடுவேன், எட்டாம் வகுப்பிலிருந்து வந்த பழக்கம், சென்டரில் எல்லோரும் கேலி செய்வார்கள். 'எதிர்ச்சுழி'யில் அந்தக் கொக்கி இருந்தது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். நீயே அவசரத்தில் எழுதி மறந்திருப்பாய். தெரியாத சுழியை எப்படி எழுதுவேன்? ஏட்டையா எழுதியிருப்பார். அவருக்கு யார் சொன்னது? அவரிடமும் கேட்டேன். "நீ குடுத்த அன்னைக்கே ஒம்பது இருந்துச்சேம்மா, நாந்தான் எண்ணிப் பாத்தேன்" என்றார். பவுனை வேப்பமரத்தில் கட்டியிருந்த அந்த நாள் வரை அப்பா காவல் நிலையத்துப் பக்கம் வரவே இல்லை. வந்திருந்தாலும் அவருக்கு அ எது ஆ எது என்று தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவினால் ஒன்பதாவது வரி மேடு மேடாகத் தட்டுப்படும். அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறது. நான் அழுத்தி எழுதுகிறவள் இல்லை, என் பேனா தாளில் படுவதே தெரியாது. அது பேனா பிடித்துப் பழகாத கையின் அழுத்தம்.

இந்தத் தை மாதம் அப்பா ஒரு நாள் என் முன்னால் வந்து உட்கார்ந்து, "எனக்கும் எழுதச் சொல்லிக் குடுட்டி" என்றார். கைநாட்டு வைக்க இனிமேல் வெட்கமாக இருக்கிறதாம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. எங்கள் குடும்பத்தில் இரண்டாவதாகப் பேனா பிடிக்கிற ஆள். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு எழுத்து. கடிவாளத்தைப் பிடிப்பது மாதிரி பேனாவைப் பிடிக்கிறார். முதல் நாள் அவர் 'சு' எழுதி முடித்ததும் நோட்டைத் திருப்பினேன். அடுத்த மூன்று பக்கங்களிலும் அந்த எழுத்து மேடாக எழும்பியிருந்தது.

இப்போது சுப்பையா என்று தானே கையெழுத்துப் போடுகிறார். போன வாரம் வங்கியில் போட்டுவிட்டு வந்து தெரு முழுக்கச் சொன்னார். உயிரெழுத்து பன்னிரண்டும் தெரியும், க முதல் வ வரை எழுதுவார். அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பவுனோட சுழியைத் தன் கையால் எழுதிப் பார்க்க வேண்டும் என்கிறார்.

எனக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது, முதலிலேயே சொன்னேன். ஆனாலும் 'ழ' மட்டும் நான் இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறேன். நான் போட்டுக் காட்டாத கொக்கியை அவர் கை தானாகப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.